ஆற்றோடு இறங்கி வந்த நாட்கள்

முதல் நாள், இரவு

பதினான்கு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், நான். மூன்றாவது வருடமாக இவர்களோடு போகிறேன். ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, கடலில் சேரும் இடம் வரை ஏழு இடங்களில் நின்று தண்ணீரையும் கரையையும் பார்ப்பதுதான் வேலை. வருடா வருடம் அதே ஏழு இடம், அதே மாதம், முடிந்தால் அதே நேரம். என் பங்கு சின்னது. கயிறு பிடிப்பேன், நேரம் குறிப்பேன், நோட்டு நனையாமல் பார்த்துக்கொள்வேன். இரவில் உட்கார்ந்து இதை எழுதுவேன்.

ஆற்றின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் இந்த முறை எழுதவில்லை. நான்காம் இடத்தில் போன வருடம் கிடைத்த எண்கள் மோசமாக இருந்தன. இந்த வருடமும் அப்படியே வந்தால் மாணவர்கள் அறிக்கை எழுதி உரிய அலுவலகத்தில் கொடுக்கப் போகிறார்கள். அது போய்ச் சேரும் முன்னால் பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். நியாயம்தான்.

முதல் இடம், காடு முடிகிற இடம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழ்தான். கல்லில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. இறங்கும் முன்னால் ஒரு மாணவி விதிகளை உரக்கப் படித்தாள். தனியாக யாரும் இறங்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஆழம் என்றால் கரையிலிருந்தே எடுக்க வேண்டும். கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ ஏறினாலோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். போன இரண்டு வருடமும் இதை ஆசிரியர்கள்தான் படித்தார்கள். இந்த முறை பிள்ளைகளே படித்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

தண்ணீர் எடுப்பதற்கும் முறை உண்டு. நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கால் கலக்கிய சேறு புட்டிக்குள் போய்விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளக்க எடுக்கும் புட்டியைத் தண்ணீருக்குள் முழுக்க அமுக்கி, காற்றெல்லாம் வெளியேறிய பிறகு உள்ளேயே வைத்து மூட வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் அந்தப் புட்டி வீண். வெளியே எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். முதல் புட்டியில் கடுகளவு குமிழி ஒன்று மேலே ஏறி நின்றது. கொட்டிவிட்டு மறுபடி இறங்கினார்கள்.

கையில் மின்கருவி இருக்கிறது. முனையைத் தண்ணீரில் விட்டால் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று எண் வரும். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புட்டியை விங்க்ளர் முறையில் சோதிக்கிறார்கள். ஹங்கேரிக்காரர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் கண்டுபிடித்த முறை. மாங்கனீசு உப்பையும் அயோடைடு கலந்த காரத்தையும் சொட்டு சொட்டாக விட்டால், ஆக்ஸிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் மெதுவாகக் கீழே இறங்கும். ஆக்ஸிஜனே இல்லாவிட்டால் அது வெள்ளையாக இருக்கும். அதன் பிறகு அமிலம் சேர்ப்பதை ஆசிரியர் மட்டுமே செய்கிறார், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. கருவி சொல்வது சரிதானா என்று சரிபார்க்க இதைவிட நம்பகமான வழி பிள்ளைகளின் கையில் இல்லை.

லிட்டருக்கு 8.6 மில்லிகிராம். தண்ணீர் 19 டிகிரி. தண்ணீர் குளிரக் குளிர ஆக்ஸிஜனை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும்: 0 டிகிரியில் 14.6 வரை கரையும், 20-ல் 9.1, 30-ல் 7.6 தான். அதனால் வெப்பநிலை எழுதாத ஆக்ஸிஜன் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இன்னொரு புட்டியைத் திறக்காமல் கறுப்புத் துணியில் சுற்றி வேனில் இருக்கும் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி 20 டிகிரியில் நிற்கிறது. ஐந்து நாள் கழித்து அதில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்ப்பார்கள். தண்ணீரில் அழுகக்கூடிய பொருள் நிறைய இருந்தால் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். எவ்வளவு குறைந்தது என்பதுதான் பி.ஓ.டி. ஏன் ஐந்து நாள்? கழிவுநீர் பற்றி ஆராய பிரிட்டனில் 1898-ல் ஒரு அரச ஆணையம் அமைத்தார்கள். அந்த நாட்டு ஆறு எதிலும் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்ற கணக்கில் வைத்தது என்று சொல்வார்கள். நாங்களும் ஐந்து நாளில்தான் கடலைத் தொடப் போகிறோம்.

தண்ணீர் எடுத்து முடித்த பிறகே பூச்சி வேலை. இந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் பூச்சி தேடும்போது அடிமணலைக் கிளற வேண்டும். ஒருவர் வலையை ஓட்டத்துக்குக் கீழே பிடிக்க, இன்னொருவர் மேலே நின்று மூன்று நிமிடம் கற்களைக் காலால் உதைத்துப் புரட்டுவார். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும். வெள்ளைத் தட்டில் கவிழ்த்ததும் முதலில் குப்பையும் மணலும்தான் தெரிகிறது. ஒரு நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் குப்பை நகரத் தொடங்குகிறது.

மூன்று மெல்லிய வால் இருந்தால் பெரும்பாலும் மேஃபிளை, தண்ணீரில் வளர்ந்து பிறகு பறக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு. இரண்டு வால் இருந்து, வயிற்றின் ஓரத்தில் இலை இலையாகச் செவுள் இல்லாவிட்டால் ஸ்டோன்ஃபிளை. பிள்ளைகள் கல் ஈ என்கிறார்கள். கேடிஸ் புழு மணலைப் பட்டுப் போன்ற தன் நூலால் ஒட்டித் தானே ஒரு கூடு செய்து அதற்குள் வாழும். ஒரு மாணவன் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அரை விரல் நீளம். ஒவ்வொரு மணலும் அளவெடுத்துப் பொருத்தியது போல இருந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு பெரிய மணல். ஓட்டத்தில் அடித்துப் போகாமல் இருக்கக் கனம் வைத்திருக்கிறது போலும்.

அப்போதுதான் தட்டில் இருந்த கல் ஈ ஒன்று உடம்பை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியது. "டீச்சர், தண்டால் எடுக்குது!" என்று ஒருவன் கத்தினான். டீச்சர் சிரிக்கவில்லை. "தட்டுத் தண்ணி சூடாகி மூச்சு முட்டுது அதுக்கு. சீக்கிரம் எண்ணிட்டு விடுங்க" என்றார். கல் ஈக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் இப்படித்தான் உடம்பை ஆட்டித் தண்ணீரைத் தன் மேல் ஓடவிடும். கைகள் பரபரவென்று வேலை செய்தன. எண்ணி எழுதி, எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டார்கள். கருவியில் வந்த 8.6-ஐவிட அந்தத் தண்டாலில்தான் ஆக்ஸிஜன் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள், இரவு

காலையில் ஒரு அதிர்ச்சி. நேற்று முதல் இடத்தில் இன்னொரு சின்னப் புட்டியும் எடுத்திருந்தார்கள். உள்ளே மருந்தில் ஊறவைத்த காகிதம் இருக்கும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துவிடும். ஆய்வகம் இல்லாத இடத்தில் குடிநீரைச் சோதிக்க இந்தியாவில் மஞ்சாவும் அவர் சகாக்களும் 1982-ல் வெளியிட்ட முறை இது. அந்தக் கண்ணாடி போன்ற மலைத் தண்ணீர் இன்று மை மாதிரிக் கறுத்திருந்தது. காட்டு விலங்குகள் தண்ணீருக்கு வரும் இடம்தானே, அவற்றின் குடலிலும் அதே வகை பாக்டீரியாக்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் என்று கையால் அள்ளிக் குடிக்கலாமா என்று நேற்றுக் கேட்ட பையன் இன்று வெகுநேரம் அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பூச்சிக்கு நல்ல தண்ணீர் வேறு, குடிக்க நல்ல தண்ணீர் வேறு.

இன்று முழுக்கக் கரை வேலை. பலரும் ஆற்றைப் பார்ப்பது என்றால் தண்ணீரைப் பார்ப்பது என்றே நினைக்கிறார்கள். இரண்டாம் இடத்துக்கு வந்தால் அந்த நினைப்பு மாறிவிடும். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடக்கரை. இந்த இடக்கரையில் பெரிய மரம், அதன் கீழே புதர், அதற்கும் கீழே தண்ணீர் ஓரம் நாணல் என்று மூன்று அடுக்கு. எதிரே வலக்கரையில் உழவு தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. ஒரே ஆறு, ஒரே நாள், நடுவில் இருபது அடி தண்ணீர்.

கரைக்கு மதிப்பெண் போட ஸ்பெயினின் கட்டலோனியாவில் உருவான கியூ.பி.ஆர். என்ற முறையைத் தங்கள் ஆற்றுக்கு ஏற்ப மாற்றி வைத்திருக்கிறார்கள். செடிகொடிகள் கரையை எவ்வளவு மூடியிருக்கின்றன, மரமும் புதருமாக அடுக்கு இருக்கிறதா, அந்த மண்ணுக்கு உரிய மரங்கள்தானா, மனிதர்கள் ஆற்றின் போக்கை எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று நான்கு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. இரண்டு குழுவாகப் பிரிந்து ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போட்டார்கள். இடக்கரைக்கு ஒரு குழு 90, இன்னொரு குழு 95. வலக்கரைக்கு ஒரு குழு 15, மற்றது 35.

அங்கே ஆரம்பித்தது வாக்குவாதம். 35 போட்ட குழுவில் இருந்த பெண் விடுவதாக இல்லை. வலக்கரையில் ஒரு இடத்தில் மண் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. அதில் கையளவு ஓட்டைகள். மீன்கொத்தி உள்ளே போவதை அவள் பார்த்திருக்கிறாள். "அறுந்த கரை கெட்ட கரைன்னா அது ஏன் அங்க கூடு கட்டுது?" என்றாள். நல்ல கேள்வி. ஆறு தானாகக் கரையை அறுப்பதும் மறுபக்கம் மணல் சேர்ப்பதும் ஆற்றின் இயல்பு. அப்படி நிற்கும் செங்குத்து மண்தான் மீன்கொத்திக்கு வேண்டும். வேர் பிடிமானம் போனதால் கரை மொத்தமும் சரிவது வேறு விஷயம். கடைசியில் எல்லோரும் மறுபடி நடந்து அளந்தார்கள். வேலைத்தாளில் "ஓட்டைகள் உள்ள செங்குத்துக் கரை, 4 மீட்டர், சரிந்த கரை, 31 மீட்டர்" என்று தனித்தனியாக எழுதினார்கள். மதிப்பெண் 20 என்று முடிவானது. அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் அந்த 4 மீட்டரைத் தன் கையாலேயே எழுதினாள்.

மரம் தண்ணீருக்குச் செய்வது என்ன என்று காட்ட ஆசிரியர் இரண்டு வெப்பமானிகளை ஓரத்துத் தேக்கங்களில் போடச் சொன்னார். மதியம் இடக்கரை நிழலில் 21.5. வலக்கரை வெயிலில் 26. நேற்றைய தண்டாலை யாரோ உடனே நினைவுபடுத்தினார்கள். அதோடு நிழல் தரும் மரம்தான் இலையும் உதிர்க்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் வாழும் பூச்சிகள் பெரும்பாலும் உதிர்ந்த இலையை நம்பி வாழ்பவை. அவை அரைத்து விட்ட துகள் கீழே இருக்கும் பூச்சிகளுக்கு உணவு. மலையிலிருந்து கடல் வரை ஒரு ஆற்றின் உயிர்கள் இப்படித் தொடர்ந்து மாறுவதை ஆற்று ஆய்வாளர் ராபின் வன்னோட்டும் சகாக்களும் 1980-ல் எழுதினார்கள். நாங்கள் வேனில் போகும் வழியும் அதுதான்.

கலங்கலை அளக்க நீளமான ஒரு குழாய். அடியில் கறுப்பு வெள்ளைக் குறி. மேலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரை ஊற்ற, குறி மறையும் உயரத்தைக் குறிப்பார்கள். 1865-ல் வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்சலோ செக்கி போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டு இறக்கிப் பார்த்ததன் பேரப்பிள்ளை இந்தக் குழாய்.

மூன்றாம் நாள், இரவு

இன்று மெதுவாகத்தான் எழுத முடிகிறது.

மூன்றாம் இடமும் நான்காம் இடமும் ஒரு நகரத்தின் இரண்டு பக்கம். நடுவில் ஒரு வாய்க்கால் வந்து கலக்கிறது. வாய்க்காலுக்கு மேலே ஒன்று, தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று என்று எடுக்க வேண்டும். மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்தால், ஆறு ஏற்கெனவே அப்படித்தான் வந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். வாய்க்காலின் வாயிலேயே எடுக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். அங்கே இறங்குவது ஆபத்து. அப்புறம், நாம் கேட்பது ஆறு எப்படி இருக்கிறது என்பதை. அதனால் கீழே, கரையிலிருந்து, நீளக் கம்பில் கட்டிய குவளையால் எடுத்தார்கள். எல்லோருக்கும் கையுறை.

மின்கடத்துதிறன் மேலே 240 மைக்ரோசீமென்ஸ், கீழே 910. கரைந்த உப்புகள் எவ்வளவு ஏறின என்பதை இந்த எண் சொல்லும். ஆக்ஸிஜன் மேலே 6.9, கீழே 2.8. கரையோரக் கற்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு பிய்த்துப் போட்டது போல ஒரு வழவழப்பு. கழிவுநீர்ப் பூஞ்சை என்று பெயர், ஆனால் அது பூஞ்சையே இல்லை. ஸ்ஃபீரோட்டிலஸ் என்ற பாக்டீரியா நூல் நூலாக வளர்ந்து ஓட்டத்தில் ஆடுகிறது.

அடிச்சேற்றை ஒரு வாளியில் எடுத்துத் தட்டில் கவிழ்த்தார்கள். மேஃபிளை இல்லை. கல் ஈ இல்லை. கேடிஸ் இல்லை. சிவப்பாகச் சில நூல்கள் நெளிந்தன: ஒரு வகைக் கொசுவைப் போன்ற ஈயின் புழு, இரத்தப் புழு என்பார்கள். நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருக்கிறது; ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைப்பதற்கு அதுதான் காரணம். டியூபிஃபெக்ஸ் புழுக்கள் தலையைச் சேற்றில் புதைத்து வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை பார்த்தால் முதல் இடத்தைவிடப் பல மடங்கு உயிர்கள். வகை பார்த்தால் மூன்று.

இதை முதலில் அழுத்தமாகக் காட்டியவர்களில் ஒருவர் உயிரியலாளர் ரூத் பேட்ரிக். 1948-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கானஸ்டோகா ஆற்றுப் படுகையில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாசி முதல் மீன் வரை எல்லாவற்றையும் எண்ணினார். ஒரு குறிப்பிட்ட உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னார். 2013-ல் 105 வயதில் இறந்தார். இன்று பிள்ளைகள் எழுதிய "வகை: 3" அவர் போட்ட பாதைதான்.

தண்ணீரில் எடுக்கும் எண் அந்த நிமிடத்தைச் சொல்கிறது. கழிவை இரவில் திறந்துவிட்டு காலையில் நிறுத்திவிட்டால் மதியம் எடுத்த புட்டி அதைக் கண்டுபிடிக்காது. மேஃபிளை தப்பிக்காது. அது மாதக்கணக்கில் அதே கல்லுக்கு அடியில் இருக்கிறது. ஒரு மோசமான இரவு போதும், அது இல்லாமல் போக. அதனால்தான் புட்டி மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. புட்டியும் வேண்டும், தட்டும் வேண்டும், கரையும் வேண்டும்.

நான்காம் இடத்துத் தண்ணீரை அப்படியே புட்டியில் வைத்தால் இரண்டாம் நாளே ஆக்ஸிஜன் தீர்ந்துபோய் எண்ணே கிடைக்காது. போன வருடம் அதுதான் நடந்தது. இந்த முறை சுத்தமான தண்ணீர் கலந்து பத்து மடங்காக நீர்த்து மூன்று புட்டி வைத்தார்கள். நீர்க்கப் பயன்படுத்திய தண்ணீரை மட்டும் ஒரு புட்டியில் தனியே வைத்தார்கள். குறைந்துபோன ஆக்ஸிஜனில் அந்தக் கலப்புத் தண்ணீரின் பங்கு எதுவும் இல்லை என்று பிறகு நிரூபிக்க அது வேண்டும். யாரும் சொல்லாமல் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை எடுத்து வைத்தாள்.

வேனில் ஏறும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் வீடு இந்த நகரத்தில்தான். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள், இரவு

ஐந்தாம் இடம் பற்றி எழுத அதிகமில்லை. ஆறு கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆக்ஸிஜன் 5.4, தட்டில் ஊசித்தட்டான் குஞ்சுகளும் நத்தைகளும்.

ஆறாம் இடம் தடுப்பணைக்கு மேலே. தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும், பச்சையாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குக் கருவியை விட்டார்கள். 12.4. தண்ணீர் 28 டிகிரி. அந்தச் சூட்டில் இயல்பாகக் கரையக்கூடியது 7.8 தான். விங்க்ளரும் ஒத்துப்போனது. மலைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் என்று சிலர் கைதட்டினார்கள். நேற்றைய நாளுக்கு அப்புறம் ஒரு நல்ல செய்தி யாருக்குத்தான் வேண்டாம்.

நெட்டையான பதினொன்றாம் வகுப்புப் பையன் மட்டும் பி.எச். எண்ணை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்ணை, திரும்பத் திரும்பப் பார்த்தான். 9.1. "சார், காலைல வந்த இடத்துல 7.4. இங்க ஏன் இப்படி ஏறுது?" ஆசிரியர் பதில் சொல்லவில்லை. நீயே யோசி என்றார். அவன் தண்ணீரில் கையை விட்டுப் பச்சையை அள்ளிப் பார்த்தான். பாசி. வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது: கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, அதனால் பி.எச். ஏறுகிறது, ஆக்ஸிஜனை விடுகிறது, அதனால் 12.4. சரி, சூரியன் போன பிறகு?

இரவில் பாசியும் மூச்சுவிடும். அதோடு நகரத்திலிருந்து வந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தின்று இவ்வளவு பாசி வளர்ந்திருக்கிறது என்றால், இரவில் ஆக்ஸிஜனைத் தின்னவும் இவ்வளவு வாய்கள் இருக்கும். விடிவதற்கு முன்னால் வந்து மறுபடி எடுக்க வேண்டும் என்றான். திட்டத்தில் இல்லை. வேன் ஓட்டும் அண்ணனிடம் பிள்ளைகளே போய்க் கேட்டார்கள். அவர் நாலு மணிக்கு எழுப்புகிறேன் என்றார்.

ஐந்தாம் நாள், இரவு

விடிகாலை 5:10 மணி. கரையிலேயே நின்று, தலையில் கட்டிய விளக்குகளோடு எடுத்தார்கள். தண்ணீர் 25 டிகிரி. கருவி இறங்கிக்கொண்டே போய் 2.1-ல் நின்றது. யாரும் பேசவில்லை. விங்க்ளர் புட்டியில் நேற்று அடர்ந்து இறங்கிய பழுப்பு மேகம் இன்று வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இறங்கியது. பி.எச். 7.6. ஓரத்தில் சின்ன மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பதினான்கு மணி நேரத்தில் 12.4-லிருந்து 2.1. மூன்று வருடமாக இந்த இடத்தில் பிற்பகலில் மட்டும்தான் எடுத்திருக்கிறோம். மூன்று வருடமும் "நன்று" என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பையன் பழைய பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு "நன்று"-க்கும் பக்கத்தில் "பிற்பகல் மட்டும்" என்று எழுதினான். எதையும் அழிக்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கழிமுகம். ஏழாம் இடம். மேல் தண்ணீர் 3,000 மைக்ரோசீமென்ஸ், அடியில் எடுத்தது 38,000. கடல்நீர் கனம் அதிகம் என்பதால் ஆற்று நீருக்குக் கீழே நாக்கு நீட்டியதுபோல உள்ளே வருகிறது. எந்த ஆழத்தில் எடுத்தோம், ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுதாவிட்டால் இங்கே எந்த எண்ணும் உதவாது. வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் போய், "தாத்தா, எப்ப ஓதம் திரும்பும்?" என்று கேட்டாள். அவர் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் நங்கூரமிட்ட படகின் மூக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டி, "அது சுத்திக்கிட்டு திரும்பும் பாரு, அப்ப" என்றார். முக்கால் மணி நேரத்தில் படகு திரும்பியது. நோட்டில் நேரத்தோடு அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள்

வீடு வந்தாயிற்று. பள்ளி ஆய்வகத்தில் முதல் இடத்துப் புட்டியைத் திறந்தார்கள். 8.6 ஆக இருந்தது 7.7. ஐந்து நாளில் 0.9 தான் குறைந்திருக்கிறது.

எட்டாம் நாள்

இன்று நான்காம் இடத்துப் புட்டிகள். மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். கறுப்புத் துணியைப் பிரித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் இரண்டாம் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தில் ஒரு குமிழி. "இது செல்லாது டீச்சர்" என்று அவளே சொன்னாள். அவள் மூடிய புட்டி அது. நோட்டில் அந்த வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "குமிழி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மிச்சம் இரண்டு. மாவுக் கரைசல் சேர்த்ததும் நீலம். பியூரெட்டிலிருந்து தயோசல்ஃபேட் சொட்டுச் சொட்டாக விழ, நீலம் வெளிறி, வெளிறி, ஒரு சொட்டில் காணாமல் போனது. அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும்; அதுவரை விழுந்த அளவுதான் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லும். ஒன்றில் 7.9 ஆக இருந்தது 5.6; மற்றதில் 7.9 ஆக இருந்தது 5.5. நீர்க்கப் பயன்படுத்திய தண்ணீரில் குறைந்தது 0.1 தான், அது வழக்கமாக ஏற்கும் 0.2-க்குள் இருக்கிறது. பத்து மடங்கு நீர்த்ததால் பத்தால் பெருக்க வேண்டும். 23, 24.

முதல் நாள் சொன்ன அதே பிரிட்டிஷ் ஆணையம் 1912-ல் தன் எட்டாவது அறிக்கையில், ஆற்றில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. 20-ஐத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதுவும் குறைந்தது எட்டு மடங்கு நல்ல ஆற்றுநீர் வந்து கலக்கும் என்ற கணக்கில். இங்கே கலந்து முடிந்த ஆறே 20-க்கு மேல் இருக்கிறது. இதைப் பலகையில் எழுதிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளைகள் கணக்கை இன்னொரு முறை போட்டார்கள்; பிறகு நோட்டைப் பக்கத்து வகுப்புக்குக் கொண்டுபோய், ஆற்றுக்கு வராத ஒருவனைப் போடச் சொன்னார்கள். அதே எண்.

அறிக்கை நாளை எழுதத் தொடங்குகிறார்கள். குமிழி வந்த புட்டியும் அதில் இருக்கும், மூன்று வருடத்து "பிற்பகல் மட்டும்" குறிப்புகளும் இருக்கும். அடுத்த மாதம் நான்காம் இடத்துக்கு மட்டும் தனியாகப் போகிறோம், விடிவதற்கு முன்னால். வேன் அண்ணன் மூன்றரைக்கே எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.